சொர்ணம் ஏன் வீட்டைப் பூட்டினாள்?

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் சுகம் எப்படி என்று கேட்கப் போவதில்லை; முந்தாநாள் விழுப்புரம் வந்து சேர்ந்த உன் கார்டிலேயே அது கொட்டிக் கிடக்கிறது. மூன்று கதை அச்சில் வந்தும் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை, கிணற்றில் கல்லைப் போட்டாலாவது சத்தம் கேட்கும், இனிமேல் எழுதுவதாக இல்லை, பாதியில் நிற்கிற நாலாவது கதையை இந்த வாரமே அடுப்பில் போட்டுவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். லோகோ ஷெட்டில் கரி அள்ளிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், "நல்லதாப் போச்சி. வெளக்க வெச்சிக்கினு கண்ணக் கெடுத்துக்கினு கெடந்தான். இனிமே கிருஷ்ணாயிலாவது மிச்சமாவும்" என்றார். இந்த யுத்த காலத்தில் கிருஷ்ணாயிலுக்கு வரிசையில் நிற்கிற மனுஷர் அப்படித்தான் சொல்லுவார். நான் சொல்ல மாட்டேன்.

அடுப்பில் போடுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படி. இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று திண்டிவனத்துக்கு, உனக்கு. இன்னொன்று மதராஸுக்கு, உன் கதைகளைப் போட்ட அந்தப் பத்திரிகைக்கு. அந்த விலாசத்துக்குக் கடிதமே வரவில்லை என்றுதானே மூக்கைச் சிந்துகிறாய்? இதோ, அந்த விலாசத்துக்கே வருகிறது. காகிதப் பஞ்சத்தில் பத்திரிகை இளைத்துப்போய், வாசகர் கடிதப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இடமில்லை என்று ஆசிரியர் இதைக் குப்பையில் போட்டால் போடட்டும். அதற்காக நான் அனுப்பாமல் இருக்கப் போவதில்லை. நீயும் அந்த ரோஷத்தை என்னிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கலாம். மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

நீ எப்போது கதை சொல்ல ஆரம்பித்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. ஒரு நாள் நல்லெண்ணெய் வாங்கிவர உன்னை ஜங்ஷன் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். பொழுது சாயும் நேரத்துக்குக் கையை வீசிக்கொண்டு வந்தாய். பாட்டிலும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்பா பெல்ட்டை அவிழ்த்துவிட்டார். நீ ஓடவில்லை. ரயில்வே கேட்டில் ஒரு மாடு தண்டவாளத்தில் கால் மாட்டிக்கொண்டு நின்றது, பாண்டிச்சேரி வண்டி ஊதிக்கொண்டே வந்தது, கேட்காரர் சிவப்புக் கொடியைத் தேடினார், கிடைக்கவில்லை, அப்போது நான் என்று ஆரம்பித்தாய். அத்தனையும் புளுகு என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தத் தண்டவாளத்தில்தானே அவர் பிழைப்பு? ஆனாலும் ஓங்கின கை அப்படியே நின்றது. "இரு இரு. மாடு இன்னா ஆச்சி? அத்தச் சொல்லிட்டு அப்புறம் வாங்கிக்க" என்றார். நீ சொல்லி முடிப்பதற்குள் பெல்ட்டைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டார், சோறு தின்றார், கை கழுவும்போதுதான் நினைவு வந்து, "டேய், பாட்டிலு எங்கடா?" என்று கத்தினார். அன்றைக்கு உன்னை யாரும் மெச்சவில்லை. கதை கேட்டதற்கு வந்தனம் என்று அப்பா எழுதிக் கொடுக்கவும் இல்லை. அடி விழவில்லை, அவ்வளவுதான். உன் முதல் கதைக்குக் கிடைத்த மரியாதை அது. அது போதும் என்று நினைத்துத்தானே மறுநாளும் ஒன்று சொன்னாய்?

இப்போது என் மண்டிக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் பத்திரிகையில் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாதே. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி ஒன்றில், தோலை உடைத்துப் பருப்பைப் பிரிக்கிற வேலை எனக்கு. கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து நாள் முழுக்க உடைப்போம். அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்; மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் போனவள். ஆகவே ரயிலில் யாராவது விட்டுப்போன பேப்பர், பத்திரிகை எதுவாக இருந்தாலும் உன் அப்பா கொண்டுவருவார், நான் கொட்டகையில் உரக்கப் படிப்பேன். பருப்பை மரக்காலில் அளந்து பார்த்துத்தான் கூலி. படிக்கிறவள் கை சும்மா இருக்குமே, அவள் கூலிக்கு என்ன வழி? அதற்குப் பெண்களே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அவரவர் குவியல் சேரச்சேர, ஆளுக்கு ஒரு கை பருப்பை என் முறத்தில் போட்டுவிடுவார்கள். படிக்கிறவளுக்கு அதுதான் படி. யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் மறப்பதும் இல்லை.

உன் முதல் கதை வந்தபோது, "இது எம் புள்ள எழுதனது" என்று சொல்லிவிட்டுத்தான் படித்தேன். பள்ளிக்கூடத்து மணியைத் திருடினவன் கதை. சிரித்தார்கள். முறம் முக்கால்வாசி நிறைந்தது. இரண்டாவது கதை, அதுதான், நிலா வெளிச்சத்தில் குமாஸ்தா ஒருத்தன் பக்கம் பக்கமாகப் பெருமூச்சு விடுகிறானே, அன்றைக்கு என் முறம் கோபுரமாகக் குவிந்துவிட்டது. சந்தோஷப்படாதே. கதை சலித்தால் கைகள் ஜோராக வேலை செய்யும். மேஸ்திரிக்கே அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இந்த மாதிரி தினமும் படிம்மா என்றார். உனக்கு அபிப்பிராயம்தானே வேண்டும்? இந்தா, வைத்துக்கொள். அந்தக் கதை மோசம். நிலாவை நீ ஒரு நாளும் சரியாகப் பார்த்ததே இல்லை. சாப்பிட்டதும் தூங்கிவிடுகிற பிள்ளை நீ.

மூன்றாவதாகச் சொர்ணம் கதை வந்தது. புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். அங்கே குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. திண்டிவனத்தில் கிடங்கல் ஏரிக்கரை ஓரமாகக் குடிசை, வாசலில் புங்கமரம், சொர்ணத்தின் இடுப்பில் ஓர் ஆண்குழந்தை. கடிதம் வராதவன் செத்தவன்தான், தாலியைக் கழற்று என்கிறது ஊர். "கடுதாசி வராததுனால மனுஷன் செத்துட்டான்னு ஆயிடுமா?" என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். கடைசியில் குடிசையைப் பூட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறாள். எங்கே போனாள் என்று நீ எழுதவில்லை. நான் வழக்கம்போல முதலில் பேப்பரில் யுத்தச் செய்தியைப் படித்தேன், அதே மூச்சில் இதைப் படித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் முறம் காலியாக இருக்கிறது. ஒரு பருப்பு இல்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லார் மடியிலும் மல்லாட்டை அப்படியே கிடக்கிறது. ஒருத்தி கையில் பாதி உடைத்த காய் இருக்கிறது, மீதியை உடைக்கவில்லை. மேஸ்திரி ஓடிவந்து, "இன்னாம்மா இது, எழவு வூடு கணக்கா குந்திக்கினு கீறீங்க? ஜல்தி ஆவட்டும், ஜல்தி" என்று கத்தினார். அன்று எனக்குக் கூலி இல்லை. வீட்டுக்கு வரும்போது என் கால் தரையில் பாவவில்லை. நீ இங்கே இருந்திருந்தால், இத்தனை வயசு ஆன பிள்ளை என்றும் பார்க்காமல் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

அந்தக் கொட்டகையில் கன்னியம்மா என்று ஒருத்தி. வளவனூரிலிருந்து காலை ரயிலில் வேலைக்கு வருகிறவள். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டாள். அவள் புருஷனும் ரங்கூனுக்குப் போனவன், அவனிடமிருந்தும் கடிதம் இல்லை. அவளுடைய மச்சினனும் ஊரில் நாலு பேரும் சேர்ந்து, காரியம் பண்ணித் தாலியை எடுத்துவிடுவது என்று வெள்ளிக்கிழமை நாள் பார்த்துவிட்டார்கள். இது எனக்கு அன்று தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் எதிரில் படித்திருப்பேனோ என்னவோ. மறுநாள் கன்னியம்மா வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள். வந்ததும் நேரே என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்துட்டேன்" என்றாள்.

"யாரப் பாத்தே?"

"யாரையா? சொர்ணத்தத்தான். திண்டிவனம் போயிட்டு வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேப்பரில் வந்தது எல்லாம் நடந்தது என்று அவள் நினைத்திருக்கிறாள். யுத்தச் செய்தியைப் படித்த அதே வாயால், அதே மூச்சில் படித்தால் வேறு எப்படி நினைப்பாள்? அதிலும் நீ திண்டிவனத்தில் வாத்தியாராக இருக்கிறாய், திண்டிவனத்துச் சேதியை எழுதி அனுப்புகிறாய். கொட்டகை முழுக்க அப்படித்தான் நம்பியிருக்கிறது. "கன்னிம்மா, அது கதை. எம் புள்ள அவனா நெனச்சி எழுதனது" என்றேன்.

"நீ வேற. நெனச்சி எழுதனா ஏரிக்கரையில ஆளு இருப்பாளா?" என்றாள்.

இருந்திருக்கிறாள், கண்ணு. கன்னியம்மா ஸ்டேஷனில் இறங்கி, ரங்கூன்காரன் பெண்சாதி வீடு எது என்று கேட்டுக்கொண்டே ஏரிக்கரைக்குப் போயிருக்கிறாள். யாரோ கையைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு குடிசை, குடிசையில் ஒருத்தி, அவள் புருஷனும் ரங்கூனில். அவள் யார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "பேரு சொர்ணம் இல்ல. கோர்ட்டு கேசு வந்துடும்னு உம் புள்ள பேர மாத்திட்டான் போலக்கீது. பேர மாத்துனது சரி. ஆனா வாசல்ல புங்கமரம்னு போட்டான் பாரு, அது பூவரச மரம். கொழந்த ஆம்பளப் புள்ளைன்னு போட்டான், அதுவும் தப்பு, பொட்டப் புள்ள. அத நம்பி நான் ஒரு சொக்கா வாங்கிக்கினு போயி ஒரே பேஜாராப் போச்சி. அந்தப் பொண்ணுக்கே மாட்டிவுட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பல்லை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

இரண்டு பேரும் கேப்பைக் கூழ் குடித்துவிட்டுப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று நான் துருவவில்லை. வெள்ளிக்கிழமை மச்சினன் ஆட்களோடு வந்து நின்றபோது கன்னியம்மா வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "திண்டிவனத்துல ஒருத்தி கழட்டல. நானும் கழட்ட மாட்டேன்" என்றாளாம். யார் அவள் என்று கேட்டதற்கு, "பேப்பர்ல போட்டுக்கீது, போயி படி" என்றாளாம். வந்தவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. திரும்பிப் போய்விட்டார்கள். விவகாரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மச்சினன் வீட்டில் அவளோடு பேச்சு இல்லை, ஊரில் ஜாடை பேசுகிறார்கள், திரும்பவும் வந்து நிற்பார்கள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறானா என்பதும் அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். இதைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து எழுதின ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஊரை எதிர்த்து நிற்கிறாளே! பெருமையாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் பெருமைதான் அதிகம், மறைப்பானேன்? நீ லீவுக்கு வரும்போது இதையெல்லாம் நேரில் சொல்லி உன் முகத்தைப் பார்க்கலாம் என்று பொத்தி வைத்திருந்தேன். அதற்குள் கார்டு வந்துவிட்டது.

உன்னோடு எழுதுகிற மதராஸ்காரர் ஒருவருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வருகிறது என்று பொருமுகிறாய். வரட்டுமே. மேஜை நாற்காலி உள்ளவர்கள் அவரைப் படிக்கிறார்கள், எழுதிப் போடுகிறார்கள். உன்னைப் படிக்கிறவர்கள் பாதிப் பேர் காதால் படிக்கிறவர்கள். அவர்கள் கை எந்நேரமும் வேலையில் இருக்கிறது. அந்தக் கை நின்றதுதான் உனக்கு வந்த கடிதம். ஒரு பிரதியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று உனக்கு என்ன தெரியும்? ரயிலில் ஒருவர் படித்து, டீக்கடையில் நாலு பேர் படித்து, கொட்டகையில் நாங்கள் கேட்டு, கடைசியில் அதைக் கிழித்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு அதையும் ஒருத்தன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவனிடம் போய், உன் அபிப்பிராயத்தை ஒரு கார்டில் எழுதிப் போடு என்று சட்டம் பேசுவாயா? நீ திண்டிவனத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, தபால்காரர் காலடிச் சத்தம் கேட்கவில்லை, ஆகவே உலகத்தில் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாய். கடிதம் வராததால் மனுஷன் செத்துவிட்டான் என்று ஆகிவிடுமா என்று கேட்டது யார்? நீதானே எழுதினாய்? எழுதினவனே நம்பவில்லை, கேட்டவள் நம்பிக்கொண்டு தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெட்கமாக இல்லையா உனக்கு?

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். நீ நன்றாக எழுதுகிறாய் என்று உன்னைத் தட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. மூன்றில் ஒன்று மோசம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். இன்னும் மோசமாகவும் எழுதுவாய், முறம் இன்னும் பல நாள் குவியும், அப்போதும் எழுது. யாரும் கேட்கவில்லை என்று தோன்றுகிற நாளில் இன்னும் கொஞ்சம் உரக்கவே எழுது. அப்பா பெல்ட்டை ஓங்கிக்கொண்டு நின்றபோதே நிறுத்தாதவன், ஒரு தபால் பெட்டி காலியாக இருப்பதற்காக நிறுத்துவதாவது! கிருஷ்ணாயில் இல்லையா, பகலில் எழுது. காகிதம் இல்லையா, பையன்களின் பழைய பரீட்சைத் தாளின் முதுகில் எழுது. பத்திரிகை திருப்பி அனுப்பினால் எனக்கு அனுப்பு. கையெழுத்துப் பிரதியையே கொட்டகையில் படிக்கிறேன். மேஸ்திரி என்னை வேலையைவிட்டு நிறுத்துவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறார். நிறுத்தட்டும், பக்கத்து மண்டியிலும் மல்லாட்டை இருக்கிறது, காது இருக்கிறது.

நேற்று உன் கார்டைக் கொட்டகைக்கு எடுத்துப்போனேன். நீ எழுதுவதை விடப்போகிறாய் என்று சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அதெல்லாம் இங்கே வேண்டாம், சில வார்த்தைகளை ஆசிரியர் அச்சில் போட மாட்டார். கன்னியம்மா மட்டும் உடைத்துக்கொண்டே இருந்தாள். வேலை முடிந்து அளந்து கொடுத்துவிட்டு, ரயிலுக்குப் போகிற அவசரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் சொன்னதை ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். ஆசிரியர் அவர்களே, இடம் போதாவிட்டால் நான் எழுதினதில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இதை மட்டும் வெட்டாதீர்கள்.

"அத்த வுடறது இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு அவனக் கேட்டுச் சொல்லு. ஏரிக்கரையில அவ இன்னும் வூட்டப் பூட்டல, தெறந்து வெச்சிக்கினுதான் கீறா. உம் புள்ள ஏன் பூட்டிட்டான்? பூட்டிக்கினு அவ பாட்டுக்குப் போயிட்டா, நாளைக்கி அந்த மனுஷன் ரங்கூன்லேர்ந்து வந்து நின்னா, அவள எங்க போயித் தேடுவான்?"

அவன் எழுதிக்கொண்டிருக்கிறான், பதில் அதில் வரும் என்று சொல்லி அவளை ரயிலுக்கு அனுப்பிவைத்தேன். வாசகர் கடிதம் கேட்டாயே, உனக்கு ஒன்று வந்துவிட்டது. எழுதியவள் வளவனூர் கன்னியம்மா. கை மட்டும் உன் அம்மாவுடையது. அவளுக்குப் பதில் எழுது.